பட்டன் அமுக்கினால் சுவர் நகருமா?

‘ரூம் கரெக்‌ஷன்’ என்ற பெயரே ஒரு பொய். அறையில் ஒரு செங்கல்லைக்கூட அது திருத்துவதில்லை. சுவர் இருந்த இடத்திலேயே இருக்கும். தரையில் பதித்த வழவழ டைல்ஸ் அப்படியே பளபளக்கும். திருத்தப்படுவது ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னல் மட்டும்தான். ஆற்றின் மேல் பாலம் கட்டாமல் கோப்பில் பாலத்தைக் கட்டி முடித்துக் கையெழுத்தும் போடுவார்களே, அந்த வகை வேலை. அரசாங்கக் கோப்புகளோடு முப்பத்து நாலு வருடம் குடித்தனம் நடத்தியவன் நான். காகிதத்தில் நடக்கும் திருத்தம் எது, தரையில் நடக்கும் திருத்தம் எது என்று மோப்பத்திலேயே சொல்லிவிடுவேன்.

இந்த வயதில் இவனுக்கு ஹோம் தியேட்டரைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். நம் வயதுக்காரர்கள் வீடுகளில்தான் இது இப்போது ஒரு குடும்பப் பிரச்சினை. பாரீஸிலோ லியோனிலோ இருக்கும் பையன் லீவுக்கு வருகிறான். அப்பா அம்மா பொழுதுபோக்கட்டும் என்று நல்ல மனதோடு ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், ஒரு ஏவி ரிசீவர் வாங்கிப் போடுகிறான். கடையிலிருந்து வரும் இளைஞர் சோபாவின் மேல் ஒரு சின்ன மைக்கை வைக்கிறார். ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாக ‘வூப்... வூப்...’ என்று கத்துகின்றன. பத்து நிமிடம். “முடிஞ்சிடுச்சு சார், ரூம் கரெக்ட் ஆயிடுச்சு” என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போய்விடுகிறார். அன்று ராத்திரி படம் போடுகிறார்கள். சண்டைக் காட்சியில் அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர் ஆடுகிறது. ஆனால் கதாநாயகி அழுதுகொண்டே என்ன சொன்னாள் என்பது மட்டும் பெரியவருக்குப் புரியவில்லை. “என்ன சொன்னா?” என்று கேட்கிறார். முதல் தடவை பதில் வருகிறது. இரண்டாம் தடவை சலிப்போடு வருகிறது. நாலாம் தடவை பதிலே இல்லை. “அப்பாவுக்குக் காது போச்சு” என்று தீர்ப்பு எழுதியாயிற்று. அவர் எழுந்து திண்ணைக்குப் போய்விடுகிறார்.

என் சண்டை அந்தத் தீர்ப்போடுதான். காது மந்தமாவது வாஸ்தவம். எழுபதைத் தாண்டிய நமக்கு மேல் ஸ்தாயி ஒலிகள் குறைந்துதான் போயிருக்கின்றன. ஆனால் அதே பெரியவர் கடற்கரைச் சாலையில் காற்றுக்கும் அலைக்கும் நடுவே உட்கார்ந்து என்னோடு ஒரு மணி நேரம் பேசுகிறார். ஒரு வார்த்தை தவறுவதில்லை. கடற்கரையில் கேட்கும் காது ஹாலுக்குள் வந்ததும் செத்துப்போகுமா? குற்றவாளி அறைதான். காதைக் கூண்டில் ஏற்றி, அறையை வெளியில் விட்டுவிட்டார்கள்.

அந்தப் பெட்டி உண்மையில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஆடிஸி, யமஹாவின் ஒய்ப்பாவ், சுவீடன்காரர்களின் டிராக் லைவ், கனடாவின் ஆந்தம் ஏஆர்சி என்று பல பெயர்கள். அடிப்படை ஒன்றுதான். ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் தெரிந்த ஒரு சத்தத்தை அனுப்பி, மைக் வழியாகத் திரும்பி வருவதை அளக்கிறது. ஸ்பீக்கர் எத்தனை தூரம், எத்தனை சத்தம் என்று கணக்குப் போட்டு எல்லாவற்றையும் ஒரே நேரத்துக்கும் ஒரே அளவுக்கும் கொண்டுவருகிறது. இந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது, குறை சொல்ல மாட்டேன். (பன்னிரண்டு அடி ஹாலில் சப்வூஃபர் இருபது அடி தள்ளி இருக்கிறது என்று காட்டினால் பதறி மாற்றிவிடாதீர்கள். சப்வூஃபருக்குள் இருக்கும் மின்னணுச் சுற்றில் ஏற்படும் தாமதத்தையும் தூரமாகவே அது எழுதுகிறது. அதுதான் சரியான கணக்கு.) அடுத்தபடியாக, எந்த அதிர்வெண் கூடுதலாக வருகிறதோ அதைக் குறைக்கிறது, குறைவாக வருவதை ஏற்றுகிறது. ‘கரெக்‌ஷன்’ என்று பெயர் சூட்டியிருப்பது இதற்குத்தான். அந்தக் காலத்து கேசட் பிளேயரில் ஐந்து குமிழ்களை மேலும் கீழும் தள்ளுவோமே, அதே ஈக்வலைசர். இப்போது ஐந்துக்குப் பதில் நூற்றுக்கணக்கில், நமக்குப் பதில் ஒரு சில்லு தள்ளுகிறது.

இதில் எது முடியும், எது முடியாது என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன வகுத்தல் போதும். 565 என்ற எண்ணை உங்கள் ஹாலின் நீளத்தால், அடிக்கணக்கில், வகுத்துப் பாருங்கள். ஒலி வினாடிக்குச் சுமார் 1130 அடி போகிறது. அதில் பாதி 565. பன்னிரண்டு அடி என்றால் 47 வரும். அந்த ஹால் 47 ஹெர்ட்ஸில் தானாகவே ரீங்காரம் போடும் என்று அர்த்தம். பத்தடி உயரத்துக்கு 56. அகலமும் பன்னிரண்டு என்றால் இன்னொரு 47 வந்து முதல் 47-இன் தலைமேல் உட்காரும். அதனால்தான் சதுர அறை இதற்கு ஆகாது. வாஸ்து பார்க்கிறவர்கள் சதுரத்தைக் கொண்டாடுவார்கள், சப்வூஃபர் கொண்டாடாது. ஒரு குறிப்பிட்ட மத்தள அடி மட்டும் வயிற்றில் இடிக்கும், அடுத்தது காணாமல் போகும். இதில் ஒலிப்பதிவாளர் மேல் குற்றமில்லை, நம் வீட்டு மேஸ்திரி நூல் பிடித்ததன் விளைவு.

இந்தக் கீழ் ஸ்தாயி உச்சங்களைக் குறைப்பதில் ஈக்வலைசர் கெட்டிக்காரன். எந்த அதிர்வெண், எத்தனை டெசிபல், எவ்வளவு குறுகலாக என்று மூன்று எண்களைக் கொடுத்தால் அந்த 47-ஐ மட்டும் பிடித்து அமுக்கிவிடும். சத்தமும் குறையும், இழுவையும் குறையும். திரைச்சீலையாலோ ஜமுக்காளத்தாலோ இந்த வேலை ஆகாது. 47 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 24 அடி. அதைச் சுவரில் ஒட்டும் பஞ்சால் பிடிக்க வேண்டுமானால் அடிக்கணக்கில் தடிமன் வேண்டும், பிறகு நாம் உட்கார இடம் இருக்காது. ஆகவே 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெட்டிக்கு வேலை உண்டு. அதன் கூலியைக் கொடுத்துவிடுவோம்.

பள்ளத்தை ஏற்றப் போனால் கதை வேறு. ஸ்பீக்கருக்குப் பின்னால் மூன்றடியில் சுவர் இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை சுமார் 94 ஹெர்ட்ஸில் நேர் அலையை எதிர்த்து அழித்துவிடும். மைக் அங்கே ஒரு பள்ளத்தைப் பார்க்கும். பள்ளத்தில் பத்து டெசிபல் ஏற்ற வேண்டுமானால் ஆம்ப்ளிஃபையர் பத்து மடங்கு சக்தி கொடுக்க வேண்டும், ஐம்பது வாட் ஐந்நூறு ஆக வேண்டும். கொடுத்தாலும் திரும்பி வரும் அலையும் அதே அளவு வளர்ந்து வந்து மறுபடி அழிக்கும். ஓட்டைக் குடத்துக்குப் பெரிய மோட்டார் போட்ட கதை. நல்ல பெட்டிகள் இதை அறிந்து ஏற்றுவதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. ஸ்பீக்கரை ஓரடி நகர்த்தினால் பள்ளம் வேறு இடத்துக்குப் போய்விடும், செலவு இல்லை. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். நகர்த்துவதற்கு பில் போட முடியாதல்லவா?

இனிதான் முக்கியமான விஷயம். பேச்சு புரிவது 300 ஹெர்ட்ஸுக்கு மேலே நடக்கும் காரியம். அங்கே அறை செய்யும் கெடுதல் எதிரொலி இழுவை. சுவரிலும் தரையிலும் கூரையிலும் மோதி மோதி, ஒரு எழுத்து அடங்குவதற்குள் அடுத்த எழுத்து வந்துவிடுகிறது. இழுவையை எந்த ஈக்வலைசராலும் குறைக்க முடியாது. ஒலி ஸ்பீக்கரை விட்டு வெளியே வந்த பிறகு அது சுவருக்குச் சொந்தம்.

இதைக் கண்டுபிடித்து நூற்றிருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895-இல் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யும் வேலையைக் கொடுத்தார்கள். அவர் பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து அடுக்குவார். ஒரு ஆர்கன் குழலை ஊதி நிறுத்திவிட்டு, ஒலி காதுக்கு அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தில் அளப்பார். காலி மண்டபத்தில் அது ஐந்து வினாடிக்கு மேல் இழுத்தது. மெத்தை கூடக் கூட இழுவை குறைந்தது. விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும், மறுநாள் அங்கே ஆட்கள் உட்காருவார்கள். இப்படி மெத்தை சுமந்து கிடைத்த சூத்திரத்தை வைத்துத்தான் 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பனி ஹால் கட்டப்பட்டது. இன்றுவரை உலகத்தின் நல்ல இசை மண்டபங்களில் ஒன்று அது.

சபைன் வைத்த அளவுகோல் எனக்கு மிகவும் பிடித்தமானது: திறந்த ஜன்னல். ஒரு சதுர அடி திறந்த ஜன்னல் வழியாகப் போன ஒலி திரும்பி வராது. ஆகவே அது ஒரு அலகு. நம் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். நடுவில் எட்டுக்கு எட்டு முற்றம் இருந்தால் வானத்தைப் பார்த்து 64 அலகு. மேலே தேக்கு உத்தரங்களும் செங்கல் இடுக்குகளுமாக மெட்ராஸ் டெரஸ், ஒலி நேராகத் திரும்ப வழியில்லை. கூடத்தில் பாட்டி முணுமுணுத்தால் சமையல்கட்டில் பதில் வரும். அந்த வீட்டில் வால்வு ரேடியோவின் ஒற்றை ஸ்பீக்கரில் செய்தி ஒரு எழுத்து விடாமல் கேட்டோம். இப்போது முற்றத்தை மூடி சிமெண்ட் கூரை போட்டாயிற்று, ஏசிக்காக ஜன்னலைச் சாத்தியாயிற்று, தரைக்கு கிரானைட், ஒரு பக்கச் சுவருக்குக் கண்ணாடி. பிறகு பெட்டியில் ‘கரெக்‌ஷன்’ தேடுகிறோம்.

கணக்கே போட்டுக் காட்டுகிறேன். 12-க்கு 12-க்கு 10 அடி ஹால். கொள்ளளவு 1440 கன அடி. சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 768 சதுர அடி. பூசின சுவரும் டைல்ஸும் தம்மீது விழும் ஒலியில் சராசரி மூன்று சதவீதம் விழுங்கும் என்று வைத்தால் 23 அலகு. சபைன் சூத்திரப்படி 1440-ஐ 0.049-ஆல் பெருக்கி 23-ஆல் வகுத்தால் மூன்று வினாடி வருகிறது. சாமான் இல்லாத வீட்டில் இதுதான் நிலைமை. அதே ஹாலில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரை, துணி சோபா, தடித்த விரிப்பு, நாலு ஆட்கள் என்று ஒரு நூறு அலகு சேர்த்தால் 0.6-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. தோராயக் கணக்குதான். ஆனால் மூன்றுக்கும் 0.6-க்கும் உள்ள தூரத்தைத் தாண்ட எந்தக் கம்பெனியின் எந்தப் பட்டனும் கிடையாது.

பெரிய மாதா கோவில்களில் பூசைப் பாட்டு தேனாக இருக்கும், பிரசங்கம் பாதி புரியாது என்று நாம் சின்ன வயதிலிருந்து சொல்வதில்லையா? அதுவும் இதேதான். நீட்டிப் பாடினால் இழுவை இனிக்கும், பேசினால் கொல்லும்.

தமிழுக்கு இதில் இரட்டைக் கஷ்டம் என்பது என் அபிப்பிராயம். ‘பத்து’ என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள். நடுவில் அந்த ‘த்’ வரும் இடத்தில் வாய் மூடிக் கண்ணிமைக்கும் நேரம் மௌனம். அந்த மௌனம்தான் வல்லின ஒற்று. பிறகு ஒரு சின்ன வெடிப்பு. எதிரொலிக்கும் அறையில் முந்தின உயிரெழுத்தின் வால் வந்து அந்த மௌனத்தை நிரப்பிவிடுகிறது. மௌனம் போனால் ஒற்று போச்சு. பத்தா, பட்டா, பக்கமா என்று மூளை ஊகிக்க வேண்டியதுதான். வெடிப்புகளின் அடையாளம் 2000 ஹெர்ட்ஸுக்கு அக்கம்பக்கத்திலும் அதற்கு மேலும் இருக்கிறது. வயதான காது முதலில் இழப்பதும் அந்த மேல் பகுதியைத்தான். உயிரெழுத்து கீழே பத்திரமாக இருக்கிறது. அதனால்தான் நம் ஆட்கள் “சத்தம் கேக்குது, என்ன சொல்றான்னு புரியல” என்று சொல்வார்கள். துல்லியமான மருத்துவ வாக்குமூலம் அது. இளசுகளுக்கு அது சாக்குப்போக்காகத் தெரிகிறது. உடனே வால்யூமைக் கூட்டுகிறார்கள். வால்யூமோடு இழுவையும் கூடுகிறது.

இந்த இடத்தில் தானியங்கித் திருத்தம் உதவி செய்யாதது மட்டுமல்ல, சில சமயம் எதிராகவே வேலை செய்கிறது. ஆடிஸியின் வழக்கமான வளைவில் 2000 ஹெர்ட்ஸ் அருகே வேண்டுமென்றே ஒரு சின்னப் பள்ளம் வைத்திருக்கிறார்கள். பல ஸ்பீக்கர்களில் பெரிய கூம்பும் சின்னக் கூம்பும் கைமாறும் இடம் அது, கொஞ்சம் அடக்கி வாசித்தால் இதமாக இருக்கும் என்பது அவர்கள் யோசனை. இருபத்தைந்து வயதுக்காரனுக்கு இதமாக இருக்கலாம். பெரியவருக்கு மெய்யெழுத்து ஏற்கனவே கடனில் ஓடும் இடத்தில் இன்னும் கொஞ்சம் ஜப்தி. செல்பேசிச் செயலியில் அதை அணைக்க வழி உண்டு. செயலிக்குத் தனியாகக் காசு வாங்குகிறார்கள். வீட்டுக்கு வந்து மைக் வைத்துப் போன இளைஞருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

மைக்குக்கும் காதுக்கும் உள்ள வித்தியாசத்தையும் சொல்லவேண்டும். மைக் எல்லாத் திசையிலிருந்தும் வருவதை ஒரே தொட்டியில் போட்டுக் கலக்கிக் கணக்குப் பார்க்கிறது. நம் மூளை முதலில் வந்த நேர் ஒலியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வருவதைத் தனியாக எடைபோடுகிறது. ஆகவே மேல் ஸ்தாயியில் மைக் ‘தப்பு’ என்று காட்டும் மேடுபள்ளங்களில் பல, காதுக்குத் தப்பே இல்லை. அவற்றைத் திருத்தப் போனால் நன்றாக இருந்த ஸ்பீக்கரின் நேர் ஒலியைக் கெடுத்ததாகிறது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலிலும் பிறகு ஹார்மன் நிறுவனத்திலும் வாழ்நாள் முழுக்க இதையே சோதித்த ஃப்ளாய்ட் டூல் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம் இது: கீழே அறை ஆள்கிறது, மேலே ஸ்பீக்கர் ஆள்கிறது, நல்ல ஸ்பீக்கரை வாங்கு, மேலே கை வைக்காதே. டிராக்கில் திருத்தத்தின் எல்லையை 300-இலோ 500-இலோ நிறுத்திவிடலாம். 500 வரை மட்டும் வேலை செய்யும் உரிமத்தைக் குறைந்த விலைக்கு அவர்களே விற்கிறார்கள். விற்கிறவர்களே ஒப்புக்கொண்ட உண்மை என்று இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஈக்வலைசரை பிரெஞ்சில் ‘எகலிசேர்’ என்பார்கள். பள்ளிக்கூடத்தில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று மனப்பாடம் செய்த எனக்கு ‘எகலித்தே’ மேல் மரியாதை உண்டு. ஆனால் ஒலியில் முழுச் சமத்துவம் நன்றாக இருக்காது. மைக் முன்னால் கோட்டைத் தட்டையாக்கினால் காதுக்குக் கூர்மையாகக் குத்தும். நல்ல ஸ்பீக்கரை நல்ல அறையில் வைத்து அளந்தால் கோடு கீழிலிருந்து மேலே போகப் போக மெதுவாகச் சரியும். அந்தச் சரிவுதான் இயற்கை. தட்டைக் கோட்டைக் காட்டிப் பெருமைப்படும் கடைக்காரரைப் பார்த்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பள்ளிக்கூடம் என்றதும் இன்னொருவர் ஞாபகம் வருகிறது. ‘அக்கூஸ்திக்’ என்று இந்தச் சாஸ்திரத்துக்குப் பெயர் வைத்த ழோசெஃப் சோவர், பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர். ஏழு வயதுவரை அவருக்குப் பேச்சே வரவில்லை. இசைக் காதும் கிடையாது. இசைக்கலைஞர்களின் காதைக் கடன் வாங்கித்தான் ஆராய்ச்சி செய்தார். “உங்களுக்குக் காது போச்சு, உங்களுக்கு இதெல்லாம் புரியாது” என்று யாராவது சொன்னால் இவர் பெயரைச் சொல்லுங்கள்.

எதிர்முகாமில் ஒரு கூட்டம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய இசைத்தட்டு தேடுகிறவர்களில் சிலர். ஈக்வலைசர் என்றாலே பாவம், டோன் குமிழையே தொடக்கூடாது, ஒலிப்பதிவாளர் தந்ததை அப்படியே கேட்கவேண்டும் என்பார்கள். அவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் இசைத்தட்டே ஈக்வலைசர் இல்லாமல் பிறக்காது. தட்டில் பள்ளம் வெட்டும்போது கீழ் ஸ்தாயியைக் குறைத்து மேல் ஸ்தாயியை ஏற்றித்தான் வெட்டுகிறார்கள். கேட்கும்போது ஆம்ப்ளிஃபையர் அதைத் தலைகீழாகத் திருப்புகிறது. இரண்டு கோடியிலும் கிட்டத்தட்ட 20 டெசிபல். ஆர்ஐஏஏ என்ற அந்த வளைவு அமெரிக்காவில் பொது நியமமானது 1954-இல், நம் ஊர் கைமாறிய அதே வருடம். சுத்தம் பேசுகிறவர்கள் எழுபது வருடமாக ஈக்வலைசர் வழியாகத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய ஹாலின் 47 ஹெர்ட்ஸ் இடியை ஒலிப்பதிவாளர் தரவில்லை, அதையும் பொத்திப் பாதுகாக்கிறார்கள்.

போன வருடம் என் பால்ய நண்பர் வீட்டில் இந்தப் பஞ்சாயத்து நடந்தது. பிரெவே பரீட்சை வரை என் பக்கத்து பெஞ்சில் இருந்தவர். மேலே சொன்ன 12-க்கு 12 ஹால் அவருடையதுதான். திண்ணைக்குப் போனவரும் அவர்தான். பாரீஸிலிருந்து வந்திருந்த பையன் இன்னும் உயர்ந்த மாடல் ரிசீவர் வாங்குவதாக இருந்தான். “இருப்பா, முதல்ல இங்க ஒரு கை தட்டு” என்றேன். தட்டினான். ‘ட்ரிர்ர்ர்’ என்று ஒரு உலோகச் சத்தம் சுவருக்குச் சுவர் ஓடியது. “ஐயோ அங்கிள், இது எப்பவும் இப்படியா?” என்றான். அந்த ஹாலில்தான் அவன் வளர்ந்தான், ஒருநாளும் கை தட்டிப் பார்த்ததில்லை.

சென்டர் ஸ்பீக்கரை ஷோகேஸ் தட்டுக்குள் ஒரு முழம் உள்ளே தள்ளி, முன்னால் தஞ்சாவூர் பொம்மை வைத்திருந்தார்கள். 5.1 படங்களில் வசனம் பெரும்பாலும் அந்த ஒரு ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. பெட்டிக்குள் பேசினால் பெட்டிக்குள் பேசின மாதிரிதானே இருக்கும்? அதைத் தட்டின் விளிம்புக்கு இழுத்து, கீழே ஒரு ரப்பர் கட்டை கொடுத்து, உட்காருகிறவர் முகத்தைப் பார்க்கும்படி சாய்த்தோம். மூலையில் இருந்த சப்வூஃபரை முன் சுவரின் நடுவுக்கு நகர்த்தினோம். மூலையில் இருந்தால் இரண்டு 47-ஐயும் எழுப்பும், நடுவில் இருந்தால் ஒன்றைத் தொடாது. சோபாவைச் சுவரிலிருந்து மூன்றடி முன்னால் இழுத்தோம். இதற்கு வீட்டம்மா லேசில் சம்மதிக்கவில்லை. “பின்னால குப்பை சேரும், யாரு பெருக்குறது?” நியாயமான ஆட்சேபணை. சோபாவுக்குக் காலில் உருளை மாட்டித் தீர்த்தோம். ஜன்னலுக்கு ஜன்னல் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு துணியில் கனத்த திரை. எதிர்ச்சுவரில் அவர்கள் வீட்டுப் பழைய இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டை உறை போட்டு நிறுத்தினோம். முட்டை அட்டை ஒட்டலாமே என்று பக்கத்து வீட்டுக்காரர் யோசனை சொன்னார். முட்டை அட்டை முட்டைக்குத்தான் நல்லது. ஓரங்குல ஸ்பாஞ்சும் அப்படித்தான்: உச்சஸ்தாயியை மட்டும் விழுங்கி, அறையை மந்தமாக்கி, இடியை அப்படியே விட்டுவிடும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் மைக்கை வைத்தோம். மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்தி, முக்காலி மேல், காது உயரத்தில். கடைக்காரர் முன்பு அளந்தது விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது, சோபா மெத்தையில் மைக்கைச் சாய்த்து வைத்து! செயலியில் திருத்தத்தை 300-க்குக் கீழே நிறுத்தி, அந்த 2000 பள்ளத்தை அணைத்து, முன் ஸ்பீக்கர்களை ‘பெரியது’ என்று பெட்டி எழுதியிருந்ததைச் ‘சிறியது’ ஆக்கி 80 ஹெர்ட்ஸில் பிரித்து, கடைசியாகச் சென்டரை மட்டும் மூன்று டெசிபல் தூக்கினோம். திரைத்துணிக்கும் தையலுக்கும் உருளைக்கும் ஆன செலவைத் தவிர வேறு செலவில்லை. ரிசீவர் அதே பழைய ரிசீவர். அன்று படத்தில் நண்பர் “என்ன சொன்னா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அது எனக்கும் புரியவில்லை. அந்த நடிகை அப்படித்தான் பேசுவாள்.

காது டாக்டரிடம் போக வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்கவேண்டாம். போங்கள், ஆடியோகிராம் எடுங்கள், கருவி வேண்டுமென்றால் கூச்சப்படாமல் மாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் கருவியும் ஒரு மைக்தான். எதிரொலிக்கும் அறையில் அதுவும் திணறும். அறையைச் சரிசெய்த செலவு கருவி மாட்டிய பிறகும் பலன் தரும்.

பிள்ளைகள் வாங்கித் தருவதை மறுக்கவும் வேண்டாம். காசு கைமாறுவதற்கு முன் கடைக்காரரிடம் கறாராகச் சில விஷயங்களைப் பேசிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வருகிறவர் முதலில் ஹாலின் நீள அகலத்தை டேப் பிடித்து அளக்கவேண்டும். ஸ்பீக்கரையும் சோபாவையும் நகர்த்திப் பார்க்கச் சம்மதிக்கவேண்டும். திருத்தத்தை எந்த அதிர்வெண்ணில் நிறுத்தினார் என்று சொல்லத் தெரியவேண்டும். தெரியாதென்றால் தெரிந்தவரை அனுப்பச் சொல்லுங்கள். இன்னொன்று. இந்தப் பெட்டிகளில் பல, மைக்கை முதலில் வைக்கும் இடத்தை வைத்துத்தான் தூரத்தையும் அளவையும் நிர்ணயிக்கின்றன. அந்த முதல் இடம் பையன் உட்காரும் சோபாவின் நடு அல்ல, அப்பாவின் சாய்வு நாற்காலி. அதை மைக் வெளியே எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.